ஜப்பான் போன பிள்ளை விடுமுறையில் ஊர் சுற்றலாமா?

கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிறு இரவு என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். குரலில் கோபம் பாதி, அழுகை பாதி.

“அண்ணே, உங்க மருமக என்ன பண்ணுறான்னு பார்த்தீங்களா? படிக்க அனுப்புனா கூட்டாளிங்களோட ஊர் சுத்திக்கிட்டு இருக்கா. தினம் ஒரு படம் போடுறா. நேத்து கடலுக்குள்ள ஒரு கோயில் வாசல், இன்னைக்கு மானு கூட நின்னுக்கிட்டு ஒரு படம். என் சங்கிலி இன்னும் அடகுக்கடையில கிடக்குதுண்ணே.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை என் மருமகள். தோட்டம் கைமாறியபின் குடும்பம் தாமானுக்கு வந்துவிட்டது. அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்கிறாள். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்கக் கடந்த ஆண்டு செப்டம்பரில் தோக்கியோ பக்கம் போனாள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அங்கே தனியாகக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விமான டிக்கெட், விடுதி முன்பணம், குளிர் உடை, முதல் இரண்டு மாதச் சாப்பாடு எல்லாம் வீட்டுப் பணம். சங்கிலி போனது அப்படித்தான்.

இந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவள் திரும்பி வருகிறாள். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் இன்னும் சில மாதங்களில் என் தங்கையைப் போலவே யாருக்காவது போன் போடுவார்கள். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். முதல் பருவம் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம் வரை. இரண்டாவது பருவம் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. இடையில் புத்தாண்டை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் விடுமுறை. பிப்ரவரியும் மார்ச்சும் முழுக்க விடுமுறை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரைக்குள் பொது விடுமுறைகள் பல வரும், அதைப் ‘பொன் வாரம்’ என்கிறார்கள். ஆக, நம் பிள்ளை அங்கே இருக்கும் பதினோரு மாதத்தில் ஏறக்குறைய கால்வாசி நாள் வகுப்பே கிடையாது. இதை நம் வீடுகளில் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உபகாரச் சம்பளத்துக்கு மனு எழுதும் பிள்ளையும் இதை எழுதுவதில்லை. கேட்டால் ‘ஊர் சுற்றக் காசு கேட்கிறாள்’ என்று நினைப்பார்களோ என்று பயம்.

அந்தக் கால்வாசி நாளில் என்ன செய்வது? விடுதிச் சமையலறை பல இடங்களில் மூடிவிடும். ஜப்பானிய மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியே பனிக்குளிர். அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கலாம், அல்லது வேலைக்குப் போகலாம், அல்லது நாட்டைப் பார்க்கலாம். அங்கேயே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு நாட்டைப் பார்ப்பது சுற்றுப்பயணியைவிடச் சுலபமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிலைமை நேர் எதிர்.

ஜே.ஆர். பாஸ் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு வாரம் நாடு முழுக்க அதிவேக ரயிலில் போகலாம். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறியது. ஏறிய விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் நம் பரிமாற்ற மாணவருக்கு அது கிடையாது. கடப்பிதழில் ‘குறுகிய கால வருகையாளர்’ என்ற முத்திரை இருந்தால்தான் கொடுப்பார்கள். மாணவர் விசாவில் போனவருக்கு அந்த முத்திரை இல்லை. மகளைப் பார்க்க ஒரு வாரம் போகும் அம்மாவுக்கு விசாவும் வேண்டாம், பாஸும் கிடைக்கும். அம்மா அதிவேக ரயிலில் ஏறுவார், மகள் மேடையில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

சரி, மாணவர் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் ரயில் பயணத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் கொடுக்கும், கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும். ஆனால் அது பட்டப்படிப்பில் முழுமையாகச் சேர்ந்தவர்களுக்கு உள்ளது. ஓராண்டு வந்து போகும் பரிமாற்ற மாணவருக்குப் பல பல்கலைக்கழகங்களில் அந்தச் சான்றிதழ் கொடுப்பதில்லை. சுற்றுப்பயணிக்கு உள்ளதும் இல்லை, மாணவருக்கு உள்ளதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி, உள்ளே வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

ஏழை மாணவருக்கு மிஞ்சியது ‘செய்ஷுன் 18’ என்ற டிக்கெட். ‘இளமை 18’ என்று பொருள், ஆனால் எந்த வயதினரும் வாங்கலாம். பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். அதிவேக ரயிலில் ஏற முடியாது. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும் ரயிலில் நாள் முழுக்க எவ்வளவு தூரமும் போகலாம். முன்பு 12,050 யென் கொடுத்தால் ஐந்து நாள் கிடைக்கும். அந்த ஐந்து நாளை ஒருவரே விரும்பியபோது பிரித்துப் பயன்படுத்தலாம், அல்லது ஐந்து கூட்டாளிகள் சேர்ந்து ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் போய்வரலாம். தலைக்கு 2,410 யென்தான். எத்தனையோ மாணவர் கூட்டங்கள் இப்படித்தான் நாட்டைப் பார்த்தன. 2024 குளிர்காலத்தில் அந்த விதி மாறியது. இப்போது ஒரு டிக்கெட் ஒருவருக்குத்தான். நாட்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு அதே 12,050. விலை ஏறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பகிர்ந்துகொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. என் மருமகள் போய் இறங்கிய முதல் குளிர்காலமே இது. அவள் நேரம் அப்படி.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 2024-இல் ஜப்பானுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 68 லட்சம் பேர். யென் சரிந்து கிடப்பதால் உலகமே அங்கே ஓடுகிறது. 2012 வாக்கில் 100 யென்னுக்கு 4 வெள்ளி அளவுக்குக் கொடுத்தோம், இப்போது 3 வெள்ளிகூட இல்லை. நம்மூர் ஆட்களே தாய்லாந்துக்குப் போவதுபோல் ஒசாகா போய்வருகிறார்கள். கூட்டம் தாங்காமல் அங்கே ஆங்காங்கே கட்டணம் போடுகிறார்கள். பூஜி மலை ஏற 2025 கோடை முதல் எல்லாப் பாதைகளிலும் 4,000 யென். ஹிரோஷிமா பக்கத்திலுள்ள மியாஜிமா தீவில் கால் வைக்க 100 யென். தங்குமிடங்களின் விலையும் ஏறிவிட்டது. சுற்றுப்பயணியை நினைத்து ஏற்றிய விலை, சுற்றுப்பயணி அல்லாத மாணவர் தலையிலும் விழுகிறது.

இன்னொரு பக்கம், 2033-க்குள் 4 லட்சம் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவருவோம் என்று அதே ஜப்பான் அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. 2024 கணக்கிலேயே 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். வா வா என்று கூப்பிடும் நாடு, வந்த பிள்ளை ரயிலேறி நாட்டைப் பார்க்க ஒரு வழி செய்து கொடுக்கக் கூடாதா என்பது என் கேள்வி. கிழக்குப் பகுதியில் மட்டும், வெளிநாட்டுக் கடப்பிதழ் இருந்தாலே கொடுக்கும் சில வட்டாரப் பாஸ்கள் உண்டு. அதைப் போல நாடு முழுக்க ஒன்று வைத்தால் யாருக்கும் நட்டம் வராது.

இப்போது என் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு செலவழித்தாள்?

மார்ச் பயணம் ஐந்து நாள். ஐந்து பிள்ளைகள்: என் மருமகள், இந்தோனேசியப் பெண் ஒருத்தி, தைவான் பெண் ஒருத்தி, ஜெர்மன் பையன் ஒருவன், விடுதியில் பக்கத்து அறை ஜப்பானியப் பெண். ஆளுக்கு ஒரு டிக்கெட், நான்கு இரவு படுக்கை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து 38,000 யென். நம் பணத்துக்கு 1,100 வெள்ளிக்குச் சற்று அதிகம். தோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு அதிவேக ரயிலில் போவதற்கு மட்டுமே 19 ஆயிரம் யென்னுக்கு மேல் ஆகும். போக வர அதிலேயே இந்தப் பணம் தீர்ந்துவிடும்.

இந்த 1,100 வெள்ளி யாருடையது? அதைத்தான் என் தங்கை கேட்கவில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் வரை. தோக்கியோவில் 2024 அக்டோபர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 1,163 யென்னாக இருந்தது. என் மருமகள் பிப்ரவரி முழுக்க ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினாள். 33 மணி நேரத் தட்டு, ஐந்து நாள் பயணம். அம்மா கவலைப்படுவாள் என்று வேலைக்குப் போனதைச் சொல்லவில்லை. படங்களை மட்டும் போட்டாள். இதில் தவறு அவளுடையதுதான், அவளிடமும் சொன்னேன். சிரித்த முகமாக நூறு படம் போடுவதைவிட, ‘அம்மா, என் காசில் போகிறேன்’ என்று ஒரு போன் போட்டிருந்தால் அந்த ஞாயிறு இரவு என் தங்கை அழுதிருக்க மாட்டாள்.

இங்கே இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். கெடாவில் தோட்டப்புறத்துப் பையன், சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற திட்டத்தில் ஜப்பான் போனவன். கெட்டிக்காரன். விடுமுறை நாட்களில் அறையை விட்டு வெளியே வரவில்லை. உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினான், தங்கையின் பள்ளிக் கட்டணம் அதில்தான் கட்டினார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நல்ல புள்ளிகளோடு திரும்பி வந்தவனிடம், ‘ஜப்பான் எப்படிடா இருந்தது?’ என்று கேட்டபோது அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. “விடுதிக்கும் வகுப்புக்கும் பஸ் இருந்துச்சு அண்ணே” என்றான். பிறகு ஒரு ஜப்பானிய நிறுவனத்து நேர்முகத் தேர்வில், ஜப்பானில் எங்கெல்லாம் போயிருக்கிறாய், யாரோடு பழகினாய் என்றுதான் முதலில் கேட்டார்களாம். அவன் தடுமாறிவிட்டான்.

வகுப்பறையில் கிடைக்கும் பாடம் இங்கேயும் ஓரளவு கிடைக்கும். கிடைக்காதது மற்றது. நான்கு நாட்டுப் பிள்ளைகளோடு ஒன்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, அத்தாமியில் ஒரு ரயில் மாறி, ஹமமாட்சுவில் ஒன்று மாறி, மைபாராவில் ஓடிப்போய் இன்னொன்றைப் பிடித்துக் கியோத்தோ போய்ச் சேர்வதில் ஒரு படிப்பு இருக்கிறது. யார் பசி தாங்க மாட்டார்கள், யார் கணக்கில் கறார், யார் வழி தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி நடப்பார்கள் என்று தெரிந்துவிடும். சாப்பாட்டு விஷயத்தில் இந்தோனேசியப் பெண்ணும் என் மருமகளும் ஒரு கட்சி. அவளுக்குப் பன்றி ஆகாது, இவளுக்கு மாடு ஆகாது. ஜப்பானியக் கறி என்று ஆசையாக வாங்கினால், காய்கறிக் கறியாக இருந்தாலும் அந்தக் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பெரும்பாலும் சேர்ந்திருக்கும். பொட்டலத்துப் பின்பக்க எழுத்தைப் படித்தே என் மருமகள் நூறு கஞ்சி எழுத்து கற்றுக்கொண்டாளாம். வகுப்பில் ஆசிரியர் மூன்று மாதம் சொல்லி ஏறாதது.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். ஜப்பான் பாதுகாப்பான நாடுதான், ஆனால் மலிவைத் தேடிப் போகும்போது மாணவர்களுக்கு ஆபத்து வந்திருக்கிறது. 2016 ஜனவரியில் கருயிசாவாவில் பனிச்சறுக்குக்குப் போன இரவு நேரச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். 13 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். அதன் பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். இருந்தாலும் இருப்பதிலேயே மலிவான பேருந்தைத் தேடாதே என்று பிள்ளையிடம் சொல்லலாம். நிலநடுக்கம் விடுமுறை பார்த்து வருவதில்லை. 2024 புத்தாண்டு தினத்தன்றே நோத்தோ வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. பிள்ளை எந்த ஊரில் எந்த இரவு தங்குகிறது என்பதை வீட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டுப் போகட்டும், படம் அப்புறம். நம் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலார் பதிவையும் செய்துவிடட்டும்.

காகித விஷயம் மூன்று. வசிப்பிட அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். ‘அறையில் இருக்கிறது’ என்று போலீசிடம் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர் தேசிய மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 விழுக்காடுதான் நம் கையிலிருந்து போகும். மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுவது. விடுமுறையில் பக்கத்திலுள்ள கொரியாவுக்குப் போய்வரலாம் என்று நான்கு பேர் கிளம்புவார்கள். விமான நிலையத்தில் நிரப்பும் தாளில், திரும்பி வருவேன் என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அதை மறந்து வெளியேறினால் மாணவர் விசா அந்த இடத்திலேயே செத்துவிடும். பிறகு படிப்பைத் தொடர முதலிலிருந்து மனு. ஒரு சிறு கட்டம், ஓர் ஆண்டுப் படிப்பு.

இனி நம் பக்கம். 1982-இல் துன் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையைத் தொடங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்கள் ஜப்பான் போயிருக்கிறார்கள். ஆசியான் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலும் 2013 முதல் ஜப்பான் சேர்ந்திருக்கிறது. வழி இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வழியில் ஏன் அதிகமாகப் போகவில்லை என்று பேசும்போதெல்லாம் புள்ளியைப் பற்றியும் ஒதுக்கீட்டைப் பற்றியுமே பேசுகிறோம். அவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் இடம் கிடைத்தும் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜப்பான் அரசின் பரிமாற்ற மாணவர் உபகாரச் சம்பளம் மாதம் 80,000 யென். கிடைத்தால் அறையும் சாப்பாடும் தட்டுத்தடுமாறி நடக்கும். எல்லாருக்கும் கிடைக்காது. நம் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் கல்வி நிதி கொடுக்கின்றன, நல்ல காரியம். ஆனால் கொடுப்பது பெரும்பாலும் ஒரே தடவை, மாலை போட்டுப் படம் எடுத்து ஒரு காசோலை. அது விமான டிக்கெட்டோடு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து மார்ச் மாத விடுமுறையில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கொடுப்பதை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதியை விடுமுறைக்கு முன் அனுப்பி, ‘நாலு ஊரைப் பார்த்துவிட்டு வந்து நம் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசு’ என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளை, தன் தோட்டத்து அக்கா ஹிரோஷிமா போன கதையைக் கேட்கட்டும்.

அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதியோடு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து 80 ஆண்டு.

போர்க்காலத்தில் ஜப்பானியர் தாங்கள் பிடித்த தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து சுமார் 200 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கக் கொண்டுபோனார்கள். 1943, 1944 என இரண்டு தொகுதி. மலாயாவிலிருந்து போனவர்களில் மூன்று பேர் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். நிக் யூசோப் குண்டில் இறந்தார். ஹிரோஷிமாவில் கோஸென்ஜி என்ற புத்தக் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. சையத் ஓமார் காயமும் கதிர்வீச்சுமாகப் புறப்பட்டு, வழியில் கியோத்தோவில் இறந்தார். என்கோஜி கோயிலில் அடக்கம். அப்துல் ரசாக் இடிபாட்டிலிருந்து எழுந்து வந்தார், நாடு திரும்பினார், பின்னாளில் இங்கே மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தார். 2013-இல் காலமானார். என் மருமகளுக்கு இதெல்லாம் தெரியாது. இந்தோனேசியக் கூட்டாளிதான் எங்கோ படித்துவிட்டு, கியோத்தோவில் தங்கியபோது அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அந்த ஐந்து பேரும், தங்கள் வயதில் படிக்க வந்து திரும்பாத ஒருவரின் கல்லறைக்கு முன் நின்றார்கள். அந்தப் படத்தை அவள் எங்கும் போடவில்லை.

அடுத்தது தோக்கியோ திரும்பிய பிறகு. யாசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷுகான் என்ற போர்க் காட்சியகம் இருக்கிறது. போர்க் குற்றவாளிகளின் பெயர்களையும் சேர்த்து வணங்கும் ஆலயம் என்பதால் அண்டை நாடுகள் கண்டிக்கும் இடம். அதன் நுழைவாயில் மண்டபத்தில் ஒரு கரும் நீராவி இன்ஜின் நிற்கிறது. சி56 வகை, எண் 31. சயாம்–பர்மா ரயில் பாதைத் திறப்பு விழாவில் ஓடியது. 1979-இல் தாய்லாந்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோய், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் சாகவிட்டுப் போட்ட பாதை. நம் வீடுகளில் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்போம். போர்க் கைதிகளின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. எங்கள் தாத்தா, அதாவது என் மருமகளின் கொள்ளுத்தாத்தா, அப்படிப் போனவர். திரும்பவில்லை.

இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையை ஜப்பானியக் கூட்டாளி வாய்விட்டுப் படித்திருக்கிறாள். அதில் நம்மவர் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று என் மருமகள் தேடியிருக்கிறாள், கண்ணில் எதுவும் படவில்லை. ‘எங்கள் தாத்தா இந்தப் பாதையில்தான் செத்தார்’ என்று தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது, பள்ளியில் இவ்வளவு படிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அவர் பெயர் என்ன?” என்று கேட்டிருக்கிறாள்.

இவளுக்குத் தெரியவில்லை.

அன்று இரவு எனக்குப் போன் வந்தது. “மாமா, சயாமுக்குப் போன நம்ம தாத்தா பேரு என்ன?” எனக்கும் உடனே வரவில்லை. எங்கள் பாட்டி கட்டியவர் பெயரைச் சொல்ல மாட்டார், அந்தக் காலத்து வழக்கம். ‘அவுக’ என்பார், இல்லையென்றால் ‘உங்கப்பன் தகப்பன்’ என்பார். பாட்டி போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. அப்பாவின் பழைய பிறப்புப் பத்திரத்தை அலமாரியில் தேடியெடுத்து, மங்கிப்போன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, மறுநாள் காலை அவளுக்குச் சொன்னேன். நான் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதும் அன்றுதான் முதல் தடவை. அவள் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தன் நோட்டில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொண்டாளாம்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். தட்டுக் கழுவிய கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “ஏன் அண்ணே என்கிட்ட சொல்லல?” என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் மறுபடியும் அழைத்தாள். அந்த ஜப்பானியப் பெண் வரும் டிசம்பர் விடுமுறையில் இங்கே வருகிறாளாம். பத்து நாள் தங்கி, பிறகு இரண்டு பேரும் பாடாங் பெசார் வழியாக ரயிலேறி, பேங்காக் போய், காஞ்சனபுரியில் அந்தப் பாதையைப் பார்க்கப் போகிறார்களாம். அந்தப் பயணத்துக்கு எவ்வளவு ஆகும், எந்த ரயில், பெண் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் போகலாமா, நானும் கூடப் போக முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“அதெல்லாம் சரிண்ணே, அந்தப் பிள்ளைக்குப் பத்து நாளும் என்ன சமைக்கிறது? மீன் குழம்பு திங்குமா?”